மேல்முறையீடு யாருக்கான வாசல்?



1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழவெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிந்து மாண்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கூலி நெல்லை உயர்த்திக் கேட்டதும் செங்கொடிச் சங்கத்தை விட மறுத்ததும்தான் அந்த மக்கள் செய்த குற்றம். அந்தத் தீயை நாம் ஆண்டுதோறும் நினைவுகூர்கிறோம். அதன்பின் நடந்த வழக்கின் இரண்டாம் பாதியை, மேல்முறையீட்டை, அவ்வளவாகப் பேசியதில்லை.

நாகப்பட்டினம் நீதிமன்றம் 1970இல் நெல் உற்பத்தியாளர் சங்கத் தலைவர் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்ட மிராசுதார்களுக்கு 10 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. அவர்கள் சென்னை உயர்நீதிமன்றம் போனார்கள். 1973இல் விடுதலை ஆனார்கள். குற்றஞ்சாட்டப்பட்ட 23 பேரும் மிராசுதார்கள், பெரும்பாலும் செல்வந்தர்கள், ஒருவரிடம் காரும் இருக்கிறது. இப்படிப்பட்டவர்கள் வேலையாட்களை ஏவாமல் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்புவது கடினம் என்றது தீர்ப்பு.

இந்தக் காரணம் எப்படித் தீர்ப்புக்குள் நுழைந்தது? மேல்முறையீட்டில் பொதுவாகச் சாட்சிகள் மறுபடி கூண்டேறுவதில்லை. நீதிபதிகள் முன் இருப்பது கட்டுக்காகிதம் மட்டுமே. எழுத்தில் விட்டுப்போன இடத்தை அவர்களுடைய உலக அறிவு நிரப்பிவிடுகிறது. அந்த அறிவு எந்தத் தெருவில் வளர்ந்தது என்பது அங்கே தெரிந்துவிட்டது.

அப்போது வெண்மணி மக்கள் என்ன செய்திருக்க முடியும்? விடுதலையை எதிர்த்து மேல்முறையீடு செய்யும் உரிமை அரசின் கையில் இருந்தது. பாதிக்கப்பட்டவர் சீராய்வு மனு போடலாம். ஆனால் சீராய்வில் விடுதலையைத் தண்டனையாக மாற்றச் சட்டம் இடம் தரவில்லை. தண்டிக்கப்பட்டவருக்கு வாசல் திறந்திருந்தது. வீட்டைப் பறிகொடுத்தவர் வாசலுக்கு வெளியே நின்றார்.

2009 டிசம்பர் 31 முதல்தான் பாதிக்கப்பட்டவரே மேல்முறையீடு செய்யும் உரிமை நடைமுறைக்கு வந்தது. அதற்கு நீதிமன்றத்தின் முன் அனுமதி தேவையில்லை என்று 2018இல் உச்சநீதிமன்றம் சொன்னது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், ஜாமீன், தண்டனை உள்ளிட்ட கட்டங்களில் பாதிக்கப்பட்டவரின் குரல் கேட்கப்பட வேண்டும் என்கிறது. வெண்மணிக்கு இவை காலம் கடந்து வந்தவை. நமக்கு இப்போது கையில் இருப்பவை.

தீர்ப்பு மேலே நிலைத்த வழக்கும் உண்டு. மேலவளவில் 1997இல் ஊராட்சித் தலைவர் முருகேசன் உள்ளிட்ட ஆறு பேர் கொல்லப்பட்டார்கள். சேலம் நீதிமன்றம் 2001இல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. அதை 2006இல் உயர்நீதிமன்றமும் 2009இல் உச்சநீதிமன்றமும் உறுதிசெய்தன. ஆனாலும் 2019இல் 13 பேரை அரசு முன்கூட்டியே விடுவித்தது. நீதிமன்றத்தில் அடைபட்ட வழி தலைமைச் செயலகத்தில் திறந்தது.

இதனால் மேல்முறையீடே வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. நம் பிள்ளைகளும் பொய் வழக்கில் தண்டனை பெறுகிறார்கள். வெண்மணி நிகழ்ந்த அதே நாளில் நடந்த இன்னொரு கொலைக்கு விவசாயத் தொழிலாளர்கள் தண்டிக்கப்பட்டார்கள். ஒருவருக்கு ஆயுள் தண்டனை. ஏழைக்கும் மேலே போக வழி வேண்டும். 1978இல் உச்சநீதிமன்றம், சிறைக் கைதிக்குத் தீர்ப்பு நகலை இலவசமாகக் கொடுக்க வேண்டும், வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவருக்கு மேல்முறையீட்டில் சட்ட உதவி தர வேண்டும் என்றது. நகல் கைக்கு வராமல் காலக்கெடு கடந்துபோனால் உரிமை வெறும் ஏட்டுச் சுரைக்காய்தான்.

ஆகவே மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். விசாரணை நீதிமன்றத்தில் தண்டனை அறிவித்ததும் பட்டாசு வெடித்துவிட்டுக் கலைந்துவிடாதீர்கள். மறுநாளே தீர்ப்பு நகலுக்கு மனுப் போடுங்கள். எதிர்த்தரப்பு மேலே போனால், பாதிக்கப்பட்ட குடும்பத்தின் சார்பில் வழக்கறிஞர் அங்கே நிற்கிறாரா என்று பாருங்கள். அதற்கு முன்பே, சாட்சி சொன்னது ஒரு சொல் குறையாமல் பதிவாகிறதா என்று விசாரணையின்போது உட்கார்ந்து கவனியுங்கள். மேலே உள்ள நீதிபதிக்கு அந்தக் காகிதம்தான் சாட்சியின் முகம்.