ஒரு கதிர் கண்ணைச் சேரும் வழி

2016-ல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ஹோலோலென்ஸ் தலைக்கருவிக்குள் ஒரு பச்சைக் கதிர் பிறக்கிறது. சிறிய எல்இடி விளக்கிலிருந்து கிளம்பி எல்காஸ் சில்லின்மேல் விழுகிறது. சிலிக்கான்மேல் திரவப் படிகம் பரப்பிய சில்லு அது. எந்தப் புள்ளி ஒளிர வேண்டும், எது அணைய வேண்டும் என்பது அங்கே முடிவாகிறது. பிறகு கதிர் படத்தைச் சுமந்தபடி கண்முன் நிற்கும் மெல்லிய கண்ணாடித் தகட்டை நோக்கிப் போகிறது.

தகட்டில் கதிருக்கு வாசலாக இருப்பவை கண்ணுக்குத் தெரியாத நுண்கோடுகள். அவை கதிரைச் சாய்த்து உள்ளே அனுப்புகின்றன. சாய்ந்த கதிர் வெளியேற முடியாமல், பள்ளிப் பாடத்தில் படித்த முழு அக எதிரொளிப்பால், தகட்டுக்குள்ளேயே மோதி மோதி ஓடுகிறது. கண்ணுக்கு நேரே வந்ததும் வேறு நுண்கோடுகள் ஒவ்வொரு மோதலிலும் கொஞ்சம் ஒளியை வெளியே விடுகின்றன. இப்படிப் பரப்பினால்தான் விழி அசைந்தாலும் படம் மறையாமல் இருக்கும். அதற்குக் கொடுக்கும் விலை கொடியது: நூறு பங்கு ஒளி உள்ளே போனால் கண்ணுக்கு வருவது ஒரு பங்கை ஒட்டித்தான். பார்வைப் புலமும் மூலைக்கு மூலை ஏறத்தாழ 34 பாகையே. எதிரே நிற்கும் ஆளுயர உருவத்தின் முகத்தைப் பார்த்தால் கால் வெட்டுப்பட்டுவிடும்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய சிக்கலாக நான் கருதுவது கருப்பு நிறத்தை. இந்தக் கதிர் உலகத்தின்மேல் ஒளியைக் கூட்டத்தான் முடியும், இருக்கிற ஒளியைக் கழிக்க முடியாது. கருப்பாக வரைந்த இடத்தில் பின்னாலிருக்கும் சுவர்தான் தெரியும். உருவத்துக்கு நிழல் விழாது. வெயிலில் உருவமே கரைந்துபோகும்.

போட்டியாளர்கள் கதிருக்கு வேறு வேறு வழிகளைத் தேடினார்கள். மேஜிக் லீப் ஒன் (2018) ஒவ்வொரு கண்ணுக்கும் ஆறு தகடுகளை அடுக்கியது: கிட்டத்துப் பொருளுக்கு மூன்று, தூரத்துப் பொருளுக்கு மூன்று. கண்கள் ஒரு தூரத்தில் குவிய, படம் வேறொரு தூரத்தில் நிற்பதால் வரும் களைப்பைக் குறைக்க எண்ணிய அருமையான முயற்சி அது. அடுத்த கருவியில் அதைக் கைவிட்டார்கள். அதற்குப் பதிலாக, 2022-ல் வந்த மேஜிக் லீப் 2-ல், படத்துக்குப் பின்னால் வெளியுலகை இருட்டாக்கும் ஒரு படலத்தைச் சேர்த்தார்கள். கருப்பை நெருங்க அது நேர்மையான வழி. மைக்ரோசாஃப்டின் ஹோலோலென்ஸ் 2-உம் (2019) எல்காஸ் சில்லையே விட்டுவிட்டு, அதிரும் நுண்ணாடிகளால் லேசர் கதிரை ஓட்டிப் படம் வரைந்தது. புலம் 52 பாகையானது. ஆனால் வெள்ளைப் பரப்புகளில் வானவில் நிறங்கள் திட்டுத்திட்டாகத் தெரிந்தன.

தகடே வேண்டாம் என்று சொன்ன கருவியும் உண்டு. 2016-ன் மெட்டா 2 (இன்றைய மெட்டாவுக்கும் அதற்கும் தொடர்பில்லை) நெற்றிமேல் இருந்த எல்சிடி திரையின் படத்தை ஒளியில் ஒரு பகுதியைத் திருப்பி மறுபகுதியை ஊடுருவ விடும் பெரிய வளைந்த அரைக்கண்ணாடியில் விழவைத்துக் கண்ணுக்குத் திருப்பியது. 1968-லேயே ஹார்வர்டில் ஐவன் சதர்லாந்து அரைக்கண்ணாடி வைத்துத்தான் தன் தலைக்கருவியைக் கட்டியிருந்தார். கதிருக்கு வழி குறுகியது, இழப்பும் குறைவு. மெட்டா 2-ன் புலம் 90 பாகை என்றார்கள். ஆனால் முகத்தை மறைக்கும் அந்த வளைவை யாராலும் மூக்குக்கண்ணாடியாகச் சுருக்க முடியவில்லை.

2024-ல் ஆப்பிள் விஷன் ப்ரோ இந்தப் பாடெல்லாம் வேண்டாம் என்று கண்ணை மூடியது. வெளியுலகின் ஒளி கேமராவோடு நின்றுவிடுகிறது. கண் பார்ப்பது 2.3 கோடி புள்ளிகள் கொண்ட இரண்டு மைக்ரோ-ஓஎல்இடி திரைகளை. கருப்பு உண்மையான கருப்பு, நிழலும் விழும். படத்தின் அழகில் மற்றவை அதன் அருகே வர முடியாது. ஆனாலும் என் மனம் ஒப்பவில்லை. எதிரே இருக்கும் குழந்தையின் முகம்கூடத் திரைப்புள்ளிகளாகத்தான் வருகிறது. அறுவை அறையிலோ விமானப் பட்டறையிலோ வேலை செய்பவருக்கு, மின்சாரம் நின்றாலும் கண்முன் உலகம் இருக்க வேண்டும்.

அதே ஆண்டு மெட்டா காட்டிய ஓரியான் என்ற மூக்குக்கண்ணாடி மாதிரியில் தகடு சிலிக்கான் கார்பைடால் ஆனது. சாதாரணக் கண்ணாடியின் ஒளிவிலகல் எண் 1.5 அளவில் இருக்க, இதற்கு 2.6-ஐத் தாண்டும். அதனால் இன்னும் அகலமான கோணங்களில் வரும் கதிர்களையும் தகட்டுக்குள் பிடித்துவைக்க முடிகிறது. ஒரே தகட்டுக்குள் 70 பாகை அடங்கிவிட்டது, கண்ணாடியின் எடையும் 100 கிராமுக்குள். செய்யும் செலவு தாங்காததால் அது கடைக்கு வரவில்லை. 2025-ல் விற்பனைக்கு வந்த மெட்டா ரே-பேன் டிஸ்ப்ளேவில் வலக்கண்ணுக்கு மட்டும்தான் படம். எல்காஸ் சில்லும், கண்ணாடிக்குள் பதித்த சிறு எதிரொளிப்பான்களும் சேர்ந்து 20 பாகைச் சாளரம் ஒன்றைத் திறக்கின்றன. 5,000 நிட் (ஒளிர்வின் அலகு) வரை ஒளிர்வதால் பகலிலும் எழுத்து படிக்கக் கிடைக்கிறது. ஒற்றைக் கண்ணுக்கு மட்டும் படம் வருவதால், அதில் எதுவும் மேசைமேல் அமர்ந்திருப்பதுபோல் ஆழத்தோடு தெரியாது.