மூன்றே வகை என்று எண்ணியவர்கள்

வைரஸ் உருமாறினால் தடுப்பூசி வேலை செய்யுமா? கொரோனாக் காலத்தில் வீட்டுக்கு வீடு ஒலித்த இந்தக் கேள்வியோடுதான் நான் போலியோவின் வரலாற்றுக்குள் போனேன். அங்கே இரண்டு பெண்கள் இதன் மையத்தில் நிற்கிறார்கள்.

1931இல் மெல்போர்னில் மருத்துவர் ஜீன் மெக்நமாராவும் மெக்ஃபார்லேன் பர்னெட்டும் ஒன்றைக் கண்டார்கள். ஒரு போலியோ வைரஸிலிருந்து மீண்ட குரங்கை இன்னோர் ஊரின் போலியோ வைரஸ் மறுபடி தாக்கியது. அப்படியானால் போலியோ ஒன்றல்ல. அன்றைய ஆய்வுலகம் இதை எளிதில் ஏற்கவில்லை. பர்னெட்டின் பெயரை எங்கும் பார்த்திருக்கிறேன்; மெக்நமாராவைத்தான் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது.

எத்தனை வகை? அதற்கு எல்லை இல்லையென்றால் தடுப்பூசி என்ற பேச்சுக்கே இடமில்லை. 1949இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் டேவிட் போடியன், இசபெல் மார்கன், ஹோவர்ட் ஹோவ் மூவரும் 14 மாதிரிகளைப் பிரித்துப் பார்த்தார்கள். மூன்றே வகை. போலியோ வைரஸ் தன்னைப் பிரதியெடுக்கும்போதெல்லாம் பிழை செய்கிறது, மாறிக்கொண்டே இருக்கிறது. ஆனாலும் நம் உடல் அடையாளம் காணும் மேலுறையில் அது அந்த மூன்று வகைகளைத் தாண்டிப் போகவில்லை. ஃப்ளூ வைரஸ் அப்படியல்ல, சட்டையை மாற்றிக்கொண்டே இருக்கும். அதனால்தான் ஃப்ளூ தடுப்பூசியை ஆண்டுதோறும் திருத்துகிறார்கள். 1955இல் வந்த சால்க்கின் போலியோ ஊசியோ மூன்று வகைகளுக்கானது. இன்றைய ஊசியும் அப்படியே.

உயிருள்ள வைரஸ்தான் பாதுகாப்புத் தரும் என்று பலர் நம்பிய காலத்தில், ஃபார்மலினால் கொன்ற வைரஸைக் கொண்டே குரங்குகளைக் காக்கலாம் என்று சால்க்குக்கு முன்பே காட்டியவரும் மார்கன்தான். 1949இல் அவர் மணம் முடித்து ஹாப்கின்ஸை விட்டு விலகினார். நான் வாசித்த வரலாறுகள் பலவும் இதை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. ஓர் ஆண் விஞ்ஞானியின் வாழ்க்கையில் கல்யாணம் இப்படி முற்றுப்புள்ளியாக எழுதப்பட்டு நான் பார்த்ததில்லை.

சொட்டு மருந்தின் கதை சற்றுச் சிக்கலானது. அதிலிருக்கும் பலவீனப்படுத்தப்பட்ட வைரஸ் குழந்தையின் குடலில் பெருகி மலத்தோடு வெளியேறும். பல குழந்தைகளுக்கு மருந்து சென்று சேராத ஊரில் அது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தாவி, மாறி, கால்களை முடக்கும் வலிமையைத் திரும்பப் பெற்றுவிடலாம். அப்படி மாறிய வைரஸையும் தடுப்பூசி தடுக்கிறது. ஆனால் அது குழந்தையின் உடலுக்குள் போயிருக்க வேண்டும்.

இயற்கையான போலியோவின் இரண்டாம் வகை 2015இலும் மூன்றாம் வகை 2019இலும் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டன. முதல் வகை பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் மிஞ்சியிருக்கிறது. பாகிஸ்தானில் அந்நிய ஆண்கள் நுழைய முடியாத வீடுகளுக்குள் சொட்டு மருந்துப் பெட்டியோடு போகிறவர்கள் பெண்கள். 2012 டிசம்பரில் கராச்சியிலும் பெஷாவரிலும் அவர்களில் சிலர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். முகாம்கள் நின்றன. பிறகு வேறு பெண்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அதே தெருக்களுக்குப் போனார்கள்.