அம்பாப் பாடலும் கரைவலைத் தொழிலும்

தொழிற்பாடல்களைத் தொகுப்போர் பொருளுடைய அடிகளைப் பேணி, 'ஏலேலோ', 'ஐலசா' முதலிய ஒலிக்குறிப்புகளை ஒருமுறை காட்டி விட்டுவிடுதல் வழக்கம். அவ்வொலிகளே தொழிற்பாடலின் உயிர்நிலை என்பதை, ஈழத்துத் தமிழ்க் கடற்றொழிலாளரிடை வழங்கும் அம்பாப் பாடல்களைக் கொண்டு ஈண்டு நிறுவ முயல்வோம்.

நெய்தல் நிலப் பாடல்கள் யாவும் தொழிற்பாடல்கள் ஆகா. சிலப்பதிகாரக் கானல்வரி கடற்கரையைக் களனாகக் கொண்டதேனும், யாழோடு பொருந்திய இசைப்பாட்டே. அதன் பொருள் காதல். அம்பாவோ தண்டு வலிப்போரிடத்தும் கயிறு இழுப்போரிடத்தும் பிறந்தது.

கரைவலைத் தொழிலில், ஒரு தலைக்கயிற்றைக் கரையில் விட்டுத் தோணி கடலுட் செல்லும். வலையை அரைவட்டமாக வளைத்து மறு கயிற்றோடு மீளும். பின்னர் இருபுறத்தும் ஆட்கள் அணியாக நின்று இழுப்பர். ஒருவர் முந்தி ஒருவர் பிந்தின் வலிமை சிதறும். ஒருபுறம் விரைந்து மறுபுறம் தாழ்ப்பின் வலை கோணி மீன் தப்பும். இவர்களை ஒருமைப்படுத்துவது பாட்டு. ஒருவர் அடியெடுத்துப் பாடுவார். அவ்வேளை ஏனையோர் கைமாற்றி மூச்சு வாங்குவர். அனைவரும் ஒலிக்குறிப்பைக் கூறுங்கால் கயிறு நகரும். எனவே, பொருளடி ஓய்வுக்குரியது. பொருளற்றதாகத் தோன்றும் ஒலியே உழைப்புக்குரியது.

இதனாலேயே பொருளடிகள் எளிதில் மாறுகின்றன. தெய்வ வாழ்த்து, காதல், சம்மாட்டியைப் பற்றிய எள்ளல் ஆகிய எதுவும் அவ்விடத்தில் அமையலாம். வலையின் மடி கரைசேரும் வரை அடிகள் நீளும். மடி அணுக அணுக நடை விரையும்.

'ஏலேலோ' என்பதைத் திருவள்ளுவரின் நண்பர் எனக் கூறப்படும் ஏலேலசிங்கன் பெயரோடு இயைப்பாரும் உளர். சங்க நூல்களில் அப்பெயர் காணப்படாமையானும், நெட்டுயிர்களும் லகரமும் மூச்சை நீட்டி விடுதற்கு ஏற்றனவாதலானும், ஒலி முற்பட்டது, கதை பிற்பட்டது எனக் கொள்ளுதல் பொருந்தும் என்பது நம் கருத்து.

1950-களின் பின் இயந்திரப் படகுகள் பரவத் தண்டு வலிக்கும் பாடல் அருகிற்று. அண்மைக் காலத்தில் முல்லைத்தீவு முதலிய கரைகளில் உழவு இயந்திரங்களைக் கொண்டும் கரைவலை இழுக்கின்றனர். இயந்திரத்திற்கு மூச்சு வாங்க வேண்டுவதில்லை. ஆகவே பாட்டும் வேண்டுவதில்லை. பொருளடிகள் ஏட்டிலும் மேடையிலும் எஞ்சலாம். எவ்வொலியில் கை இறுகிற்று, எவ்வொலியில் கால் பின்வாங்கிற்று என்பது எஞ்சாது. கயிறு பிடித்த முதியோர் உள்ள இக்காலத்திலேயே பாடலைத் தொழிலோடு சேர்த்துப் பதிவு செய்தல் நாட்டார் வழக்காற்று ஆய்வாளரின் நீங்காக் கடமையாகும்.