உயிர் காலேஜும் நவாபின் விலங்குகளும்

சென்னையின் முந்தைய தலைமுறையினர் எழும்பூர் அருங்காட்சியகத்தைச் 'செத்த காலேஜ்' என்றும், விலங்குக் காட்சிசாலையை 'உயிர் காலேஜ்' என்றும் அழைத்து வந்தனர். இன்றைய பிள்ளைகளுக்கு இப்பெயர்கள் வேடிக்கையாகத் தோன்றும். ஆனால் நகரத்து எளிய மக்கள் தாமாகவே சூட்டிய இவ்விரு பெயர்களுக்குள் ஒரு வரலாறு புதைந்துள்ளது. அதில் நம் சமுதாயத்துக்கும் ஒரு பங்கு உண்டு. விடுமுறை நாளில் பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லும் நம் குடும்பங்கள் பலவும் அதனை அறிந்திருப்பதில்லை என்பதாலேயே இங்கு எழுத முற்படுகிறோம்.

அருங்காட்சியகம் தொடங்கப்பட்ட ஆண்டு 1851. அப்போது அது எழும்பூரில் இல்லை. இன்று கல்லூரிச் சாலை என்று வழங்கும் தெருவில், புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி என்னும் நிறுவனத்தின் கட்டடத்தில் இருந்தது. கும்பினியாரின் இளம் அதிகாரிகளுக்கு நம் நாட்டு மொழிகளைக் கற்பித்த இடம் அது. அங்கே சென்று பார்த்தவர்கள் 'காலேஜுக்குப் போய் வந்தோம்' என்று சொல்லியிருப்பார்கள். அந்தச் சொல்லே நிலைத்துவிட்டது என்பது வழக்கமாகக் கூறப்படும் விளக்கம். தொடக்கத்தில் அங்கு இருந்தவை பெரும்பாலும் கற்கள். சென்னை இலக்கியச் சங்கம் அளித்த ஏறத்தாழ 1,100 நிலவியல் மாதிரிகளே அதன் முதல் மூலதனம். கற்களைப் பார்க்கக் கூட்டம் திரளுமா? நிலவியல் கற்றவர்கள் எம்மை மன்னிக்க வேண்டும்.

இந்த நிறுவனத்தின் முதல் பொறுப்பாளர் எட்வர்டு பால்ஃபர் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர். பாரசீகமும் உருதுவும் அறிந்தவர். 1850-இல் திருவல்லிக்கேணிப் பகுதியில் முகமதியப் பொது நூலகம் உருவாவதற்கு முன்முயற்சி எடுத்தவரும் இவரே. ஆங்கிலேய அதிகாரிகளுள் நம்மவர்களோடு இவ்வளவு நெருங்கிப் பழகியவர்கள் குறைவு. எனினும் அவர் கும்பினி அரசின் ஊழியர் என்பதையும் மறந்துவிட வேண்டியதில்லை.

1854-இல் அருங்காட்சியகம் எழும்பூரில் 'பாந்தியன்' எனப்பட்ட மாளிகைக்கு இடம்பெயர்ந்தது. வெள்ளையர்களின் விருந்துகளுக்கும் கேளிக்கைகளுக்கும் பயன்பட்டு வந்த அம்மாளிகையின் பெயரைத்தான் பாந்தியன் சாலை இன்னும் தாங்கி நிற்கிறது. அவ்வாண்டில்தான் நமக்கு முக்கியமான அந்தச் செயல் நடந்தது. கர்நாடக நவாபாக விளங்கிய குலாம் கவுஸ் கானிடம் ஒரு விலங்குத் தொகுப்பு இருந்தது. பால்ஃபர் அவரை அணுகிப் பேசி, அத்தொகுப்பு முழுவதையும் அருங்காட்சியகத்துக்கு வழங்க இசைய வைத்தார். விலங்குகள் வந்து சேர்ந்தன. அவற்றைப் பின்தொடர்ந்து மக்களும் வந்தனர். பெருங்கூட்டத்தைக் கண்ட பால்ஃபர் 1855-இல் அருங்காட்சியக வளாகத்திலேயே விலங்குக் காட்சிசாலையை முறையாக நிறுவினார். அடுத்த ஓராண்டுக்குள் அங்கு முந்நூறுக்கும் மேற்பட்ட உயிரினங்கள் இருந்தன.

இங்கே சற்று நின்று எண்ணிப் பார்ப்போம். விலங்குத் தொகுப்பு என்பது அரசர்களின் பெருமைச் சின்னம். புலியையும் சிறுத்தையையும் வளர்ப்பது அரண்மனைக்குரிய உரிமை. அவற்றைக் காணும் வாய்ப்பு விருந்தினர்க்கும் பரிவாரங்களுக்கும் மட்டுமே. அந்தத் தொகுப்பு எழும்பூர் வளாகத்துக்குள் நுழைந்தபோது, வண்டிக்காரரும் நெசவாளரும் அவர்தம் பிள்ளைகளும் அரசருக்கு மட்டும் உரியதாயிருந்த காட்சியைத் தம் கண்களால் கண்டனர். தென்னிந்தியாவில் ஒரு குடும்பம் பிள்ளைகளுடன் அறிவுச்சாலை ஒன்றுக்கு 'வேடிக்கை பார்க்கப் போகும்' வழக்கம் பரவியதில், முஸ்லிம் ஆட்சியாளர் ஒருவரின் கொடைக்குப் பெரும் பங்கு உண்டு என்று துணிந்து சொல்லலாம்.

அக்கொடை முழு மனத்துடன் அளிக்கப்பட்டதா? 'இசைய வைத்தார்' என்னும் சொல் நமக்குச் சிறிது உறுத்தவே செய்கிறது. நவாபின் அதிகாரம் அப்போது பெயரளவில்தான் இருந்தது. ஆட்சியும் வரியும் 1801 முதலே கும்பினியாரின் கைக்குப் போய்விட்டன. கடன்களும் சூழ்ந்திருந்தன. குலாம் கவுஸ் கான் 'அஃஸம்' என்னும் புனைபெயரில் கவிதை எழுதியவர். கவிஞர்களின் வரலாற்றைத் தொகுத்தவர். கல்வியில் நாட்டம் கொண்டவர். விலங்குகளைக் கொடுத்த மறு ஆண்டு, 1855 அக்டோபரில், வாரிசின்றி மறைந்தார். அந்த மரணத்தையே காரணமாகக் காட்டி டல்ஹவுசி பிரபுவின் அரசு நவாப் பட்டத்தை ஒழித்தது. சேப்பாக்கம் அரண்மனை கடனுக்காக ஏலத்துக்கு வந்தது. அரசே அதனை வாங்கிக்கொண்டது. நவாபின் சிறிய தந்தை அஜீம் ஜாவுக்கு 1867-இல்தான் 'ஆற்காடு இளவரசர்' என்னும் பட்டம் வழங்கப்பட்டது. அரசு போயிற்று, அரண்மனை போயிற்று. விலங்குகள் மட்டும் மக்களிடம் எஞ்சின.

1863-இல் விலங்குச்சாலை நகராட்சியின் பொறுப்புக்கு மாறி, இன்றைய சென்ட்ரல் நிலையத்தை அடுத்திருந்த மக்கள் பூங்காவுக்குச் சென்றது. கட்டணமில்லை. உயிருள்ளவை அங்கே போய்விட, பதப்படுத்தப்பட்டவையும் எலும்புக்கூடுகளும் எழும்பூரில் தங்கின. உயிர் காலேஜ், செத்த காலேஜ் என்ற பாகுபாடு இவ்வாறு தெளிவாயிற்று. நூற்றாண்டுக்கும் மேலாக அங்கேயே இருந்த விலங்குச்சாலை, நெரிசலும் இரைச்சலும் பெருகியமையால் 1985-இல் வண்டலூர்க் காட்டுப் பகுதியில் புதிதாகத் திறக்கப்பட்டது. இன்று நம் பிள்ளைகள் பேருந்திலும் மின்தொடர் வண்டியிலும் சென்று காணும் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவின் வேர், நவாபின் கொட்டிலில் இருக்கிறது.

அருங்காட்சியகத்தின் கதை இவ்வளவு இனிமையாகவே தொடரவில்லை. 1885 முதல் 1908 வரை அதன் கண்காணிப்பாளராக இருந்தவர் எட்கர் தர்ஸ்டன். பிள்ளைகளுக்கு இவரைப் பற்றியும் சொல்ல வேண்டும் என்பது எம் கருத்து. மனிதர்களின் மண்டையோட்டையும் மூக்கையும் கருவிகொண்டு அளந்தால் சாதிகளின் இயல்பை அறியலாம் என்று நம்பிய காலம் அது. தர்ஸ்டன் அவ்வளவீட்டில் பெரும் ஈடுபாடு கொண்டிருந்தார். ஊர் ஊராகச் சென்றும் அளந்தார், அருங்காட்சியகத்துக்கு வந்தவர்களையும் விட்டுவைக்கவில்லை. 1909-இல் கே. ரங்காச்சாரியுடன் இணைந்து அவர் வெளியிட்ட ஏழு தொகுதிகள் கொண்ட நூலில் மரக்காயர், லெப்பை, ராவுத்தர், மாப்பிள்ளை என நம் மக்களுக்கும் தனித்தனிப் பதிவுகள் உள்ளன. பார்க்க வந்தவன் பார்க்கப்படும் பொருளாகிவிட்டான்! கண்ணாடிப் பெட்டியின் எந்தப் பக்கத்தில் யார் நிற்கிறார் என்ற கேள்வி அப்போதே எழுந்துவிட்டது. அந்த நூலில் பயனுள்ள செய்திகள் பல உண்டு. நாமும் அதனைப் புரட்டியதுண்டு. ஆனால் மூக்கின் அளவிலிருந்து மனிதனின் தரத்தை அறியலாம் என்ற எண்ணம் அறிவியலன்று என்பதைப் பத்து வயதுப் பிள்ளைக்கும் விளக்கிவிட முடியும்.

பெண்களின் நிலையையும் சுருக்கமாகக் குறிப்பிடுவோம். காலனிய இந்தியாவின் அருங்காட்சியகங்கள் சிலவற்றில் கோஷாப் பெண்களுக்கெனத் தனி நேரம் ஒதுக்கும் வழக்கம் இருந்தது. நம் பாட்டிமார்களின் தலைமுறைக்கு அறிவுச்சாலைகள் முற்றிலும் அந்நியமானவை அல்ல என்பதற்கு இது சான்று. இன்று உம்மாக்கள் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு எந்த நேரமும் செல்லலாம், சென்றும் வருகிறார்கள்.

இனி, நம் வீடுகளில் அடிக்கடி எழும் கேள்விக்கு வருவோம். 'அங்கே முழுவதும் சிலைகள்தாமே இருக்கின்றன, பிள்ளைகளை ஏன் அழைத்துச் செல்ல வேண்டும்?' எழும்பூரின் வெண்கலச் சிலைகளும் அமராவதிப் பளிங்குச் சிற்பங்களும் உலகப் புகழ் பெற்றவை, கேள்வி நியாயமானதே. மார்க்கத் தீர்ப்பு வழங்குவது நம் வேலையன்று. அதனை ஆலிம்களிடம் விட்டுவிடுவோம். ஆனால் நம் முன்னோர் என்ன செய்தனர் என்பதைச் சொல்வது வரலாற்றின் வேலை.

பக்தாதைச் சேர்ந்த அப்துல் லத்தீஃப் அல் பக்தாதி (1162–1231) என்னும் மருத்துவர், 1200-ஐ ஒட்டிய ஆண்டுகளில் எகிப்தில் தங்கியிருந்தார். பிரமிடுகளை நேரில் ஆராய்ந்தார். அரபிகள் 'அபுல் ஹவ்ல்' என்றழைக்கும் மனித முகச் சிங்கச் சிலையின் முன் நின்று, அம்முகத்தின் உறுப்புகள் ஒன்றுக்கொன்று அமைந்திருக்கும் அளவுப் பொருத்தத்தை வியந்து எழுதினார். அவர் அதை வணங்கவில்லை, அஞ்சவும் இல்லை. அளந்து பார்க்கும் கண்ணோடு பார்த்தார். சலாஹுத்தீன் அய்யூபியின் மகன் சிறிய பிரமிடு ஒன்றை இடிக்க ஆளமர்த்தி, எட்டு மாதம் பாடுபட்டும் இயலாமல் கைவிட்ட செய்தியையும் அவரே பதிவு செய்துள்ளார். பழையவற்றை அழிப்பதை அவர் வருத்தத்தோடு கண்டித்தார். முற்காலச் சமூகங்கள் எவ்வாறு வாழ்ந்து எவ்வாறு மறைந்தன என்பதற்கு அவை சாட்சி என்பது அவர் நிலை. பூமியில் பயணம் செய்து முன்னிருந்தோரின் முடிவைப் பாருங்கள் என்று குர்ஆன் பலமுறை தூண்டுவதை ஓதி வளர்ந்த ஒருவரிடம் இது வியப்புக்குரியதன்று.

அவருடைய மற்றொரு செயல் நம் பிள்ளைகளுக்கு இன்னும் பிடிக்கும். மனிதனின் கீழ்த்தாடை இரண்டு எலும்புகளின் இணைப்பு என்று, யூனானி மருத்துவர்கள் ஜாலினூஸ் எனப் போற்றும் கேலன் எழுதியிருந்தார். ஆயிரம் ஆண்டுகள் அதனை எவரும் ஐயுறவில்லை. கெய்ரோவை அடுத்த மக்ஸ் என்னுமிடத்தில் மனித எலும்புகள் மேடாகக் கிடப்பதை அறிந்த அப்துல் லத்தீஃப், தம்முடன் படித்தவர்களை அழைத்துக்கொண்டு அங்கே சென்றார். அவரும் பிறருமாக இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மண்டையோடுகளைப் பார்த்தனர். கீழ்த்தாடை ஒரே எலும்பு. இணைப்பு எங்கும் இல்லை. நூலில் படித்ததைவிடக் கண்ணால் கண்டதே உறுதியானது என்று அவர் முடிவு செய்தார். ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து சென்ற கல்விச் சுற்றுலா என்று இதனைச் சொல்வதில் தவறில்லை.

எழும்பூருக்குச் செல்லும் குடும்பங்களுக்கு நடைமுறையில் சில சொற்கள். வெள்ளிக்கிழமை அங்கு விடுமுறை; ஜுமுஆவைப் பற்றிய கவலையே எழாது. ஒரே நாளில் எல்லாக் கூடங்களையும் பார்க்க முயல்வது பிள்ளைகளுக்குத் தண்டனை. ஒரு கூடத்தைத் தேர்ந்தெடுத்து நின்று பார்ப்பது போதும். திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டின் கீழே நிற்கும்போது, இதுதான் யூனுஸ் நபி (அலை) அவர்களை விழுங்கிய மீனா என்று கேட்காத நம் வீட்டுப் பிள்ளை அரிது. உடனே பதில் சொல்லி முடித்துவிடாமல், 'தொண்டை எவ்வளவு அகலம் இருக்கும்? பற்கள் இருக்கின்றனவா?' என்று திருப்பிக் கேட்டுப் பாருங்கள். அரை மணி நேரம் அங்கிருந்து நகர மாட்டார்கள். எலும்புக்கூடுகளின் தாடைகளையும் அப்துல் லத்தீஃபின் கண்ணோடு பார்க்கச் சொல்லலாம்.

வளாகத்தில் செந்நிறக் கற்களால் எழுந்து நிற்கும் தேசியக் கலைக்கூடத்தின் வெளிப்புறத்தைத் தவறவிடக் கூடாது. ஹென்றி இர்வின் வடிவமைத்து 1909-இல் திறக்கப்பட்ட அக்கட்டடத்தில் முகலாயரின் பதேபூர் சிக்ரி சாயல் தெளிவாகத் தெரியும். நவாபின் அரசைப் பறித்தவர்கள், தங்கள் பேரரசியின் நினைவாகக் கட்டடம் எழுப்பும்போது முகலாயப் பாணியையே தேடி வந்தனர்.

நேரம் இருந்தால் அங்கிருந்து சேப்பாக்கத்துக்கும் செல்லலாம், தொலைவு அதிகமில்லை. வாலாஜா பள்ளிவாசலில் தொழுதுவிட்டுக் கடற்கரைப் பக்கம் நடந்தால் நவாபின் பழைய அரண்மனை வரும். அதன் ஒரு பகுதியான கலஸ் மகால் 2012-இல் தீக்கிரையாகிப் பின்னர் சீரமைக்கப்பட்டது. காடுகளையும் நீர்நிலைகளையும் பற்றிய வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இப்போது அங்கேதான் நடைபெறுகிறது.