வீட்டு ஒலிப்பதிவில் பழைய இயங்குசுருள் ஒலிவாங்கிகள்

இயங்குசுருள் ஒலிவாங்கி என்பது, காந்தப் புலத்தினுள் அசையும் கம்பிச் சுருளின் மூலம் ஒலியை மின் குறிப்பலையாக மாற்றும் கருவியாகும். பேச்சுவழக்கில் இது டைனமிக் மைக் எனப்படுகிறது. கோயில் கொடை, திருமணம், பொதுக்கூட்டம் ஆகியவற்றுக்கு மைக் செட் அமைப்போர் கொண்டுவரும் ஒலிவாங்கிகளுள் பெரும்பாலானவை இவ்வகையைச் சேர்ந்தவையே. 1930களுக்கும் 1970களுக்கும் இடையில் வடிவமைக்கப்பட்ட சில ஒலிவாங்கிகள் இன்றும் வீட்டு ஒலிப்பதிவில் விரும்பிப் பயன்படுத்தப்படுகின்றன. உப்புக்காற்றும் ஈரப்பதமும் மிகுந்த தூத்துக்குடிக் கடற்கரை போன்ற இடங்களில் இவற்றின் நிறைகளும் குறைகளும் தெளிவாகத் தெரியவருகின்றன.

இயங்கும் முறை

ஒலி அலை ஒரு மெல்லிய தகட்டை அசைக்கிறது. அத்தகட்டின் பின்புறம் ஒட்டப்பட்டுள்ள நுண்ணிய கம்பிச் சுருள், நிலைக்காந்தத்தின் குறுகிய இடைவெளியில் முன்னும் பின்னும் இயங்குகிறது. 1831 இல் மைக்கேல் பாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலின்படி சுருளில் மிகச் சிறிய மின்னழுத்தம் தோன்றுகிறது. ஒலிபெருக்கியின் செயற்பாட்டைத் திருப்பிப் போட்டால் கிடைப்பது இதுவே எனலாம்.

இவ்வமைப்புக்கு வெளி மின்சாரம் தேவையில்லை. மின்தேக்கி ஒலிவாங்கியில் தகட்டின் மின்னேற்றம் ஈரக்காற்றில் கசிந்து, பொரிவது போன்ற இரைச்சல் உண்டாகலாம். இயங்குசுருள் ஒலிவாங்கிக்கு அத்தொல்லை இல்லை. ஆனால் தகட்டுடன் சுருளின் எடையும் சேர்வதால் மிக மெல்லிய, கூர்மையான ஒலிகளை அது மின்தேக்கி வகையைப் போல நுணுக்கமாகப் பற்றுவதில்லை. வெளியீடும் குறைவு. ஒரு பாசுக்கல் ஒலியழுத்தத்துக்கு, அதாவது 94 டெசிபல் ஒலிக்கு, பெரும்பாலானவை 1 முதல் 2 மில்லிவோல்ட்டு மட்டுமே தருகின்றன. ஒரு மீட்டர் தொலைவில் கேட்கும் இயல்பான பேச்சு ஏறத்தாழ 60 டெசிபல் என்பதால், அப்போது கிடைப்பது ஒரு மில்லிவோல்ட்டில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவாகும்.

வரலாறு

நடைமுறைக்கேற்ற முதல் இயங்குசுருள் ஒலிவாங்கிகளுள் ஒன்றான 618ஏ, பெல் ஆய்வுக்கூடத்தின் வென்ட்டே, துராஸ் ஆகியோரின் ஆய்வின் பயனாக 1931 இல் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தால் வெளியிடப்பட்டது. தொடக்க கால ஒலிவாங்கிகள் எல்லாத் திசை ஒலியையும் ஏற்றன. ஒரே ஒரு சுருளைக் கொண்டே முன்புற ஒலியை ஏற்றுப் பின்புற ஒலியைத் தள்ளும் முறையைப் பெஞ்சமின் பாவர் உருவாக்கினார். 1939 இல் வந்த ஷூர் நிறுவனத்தின் யூனிடைன் 55 இம்முறையில் அமைந்தது. பழைய மேடைப் படங்களில் காணப்படும், கம்பிவரி முகப்புடைய வெள்ளி நிற ஒலிவாங்கி இதுவே.

இந்தியாவில் மோட்வானே குடும்பத்தினரின் சிகாகோ ரேடியோ நிறுவனம் விடுதலைக்கு முன்பே காங்கிரசு மாநாடுகளுக்கு ஒலிபெருக்கி அமைத்துப் புகழ்பெற்றது. 1940 இல் தொடங்கப்பட்ட அகுஜா நிறுவனத்தின் ஒலிவாங்கிகள் பின்னர் தமிழ்நாட்டின் சிற்றூர்கள் வரை பரவின. ஆகவே தமிழ்நாட்டில் ஒருவர் வீட்டில் பழைய ஒலிவாங்கி கிடைத்தால் அது அகுஜாவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். உரத்துப் பாடும் பாட்டுக்கு அது போதும். மெல்லிய குரலுக்குப் போதாமல் போகலாம்.

ஒப்பீடு

ஷூர் எஸ்எம் 57 (1965), எஸ்எம் 58 (1966) ஆகிய இரண்டும் 1959 இல் எர்னி சீலர் வடிவமைத்த யூனிடைன் 3 கருவின் வழிவந்தவை. இரண்டின் உட்கருவும் ஏறத்தாழ ஒன்றே. 58 இல் கம்பிவலைப் பந்து உள்ளதால் வாய்க்காற்றின் அடி ஓரளவு தடுக்கப்படுகிறது. 57 ஐ இசைக்கருவிக்கு மிக அருகில் வைக்கலாம். வீட்டில் ஒன்றே ஒன்று வாங்க இயலுமெனில் இவற்றுள் ஒன்றை வாங்குவதில் தவறில்லை. ஆனால் போலிகள் மிகுதி.

செனைசர் எம்டி 421 (1960) 30 முதல் 17,000 ஹெர்ட்ஸ் வரையிலான அலைவெண்களை ஏற்கிறது. தாழ்ந்த ஒலியைப் படிப்படியாகக் குறைக்கும் ஐந்து நிலைத் திருகு இதில் உண்டு. வில்லுப்பாட்டில் வில்லின் மணிகள், உடுக்கை, தாளம் ஆகியவற்றுடன் பத்தியால் அடிக்கப்படும் குடத்தின் ஆழ்ந்த ஒலியும் சேர்ந்து வருவதால் இத்திருகு பயன்மிக்கது. குடத்துக்கு முழுத் தாழ்வொலியையும், பாடும் புலவருக்குக் குறைத்த தாழ்வொலியையும் வைத்துக்கொள்ளலாம். இதன் கவ்வி எளிதில் நழுவும். பல பழைய 421கள் தரையில் விழுந்த தழும்புடன் காணப்படுவதற்கு அதுவே காரணம்.

எலக்ட்ரோ-வாய்ஸ் ஆர்இ 20 (1968) வானொலி அறிவிப்பாளர்களால் பெரிதும் விரும்பப்பட்டது. ஒருதிசை ஒலிவாங்கிகளில் வாயை நெருக்கிப் பேசினால் தாழ்ந்த ஒலி ஊதிப் பெருகும். இதிலோ உடல் நெடுகிலும் உள்ள துளைகள் அதைப் பெருமளவு தடுக்கின்றன. பேசுபவர் முன்னும் பின்னும் அசைந்தாலும் குரலின் தன்மை மாறாது. ஒலிவாங்கி முன் அமர்ந்து பழக்கமில்லாத முதியவரைப் பதிவு செய்ய இப்பட்டியலில் மிகப் பொருத்தமானது இதுவே. 700 கிராமுக்கு மேல் எடையுள்ளதால் உறுதியான தாங்கி தேவை.

1973 இல் வந்த ஷூர் எஸ்எம் 7 குரலுக்கு இதமானது. ஆனால் இதன் இன்றைய வடிவமான எஸ்எம் 7பி ஒரு பாசுக்கலுக்கு 1.12 மில்லிவோல்ட்டு மட்டுமே தருகிறது. மலிவான ஒலி இடைமுகத்துடன் இணைத்தால் பாட்டுடன் இரைச்சலும் கேட்கும். ஏகேஜி டி 12 (1953) தாழ்வொலிக் கருவிகளுக்குச் சிறந்தது, விலையோ அதிகம்.

எல்லாத் திசையும் ஏற்கும் செனைசர் எம்டி 21 (1954), எலக்ட்ரோ-வாய்ஸ் 635ஏ ஆகியவை பெரிதாகப் பேசப்படுவதில்லை. ஆனால் இவற்றில் நெருக்கத்தால் தாழ்வொலி பெருகுவதில்லை, காற்றடியும் கைப்பிடி ஓசையும் குறைவு. கடற்கரையில் பலர் கூடிப் பாடும் அம்பாப் பாடலை ஒரே ஒலிவாங்கியில் எடுக்க இவை ஏற்றவை. 635ஏ அதன் உறுதி காரணமாகத் தொழிற்சாலை இருந்த ஊரின் பெயரால் புக்கானன் சுத்தியல் எனச் செல்லப்பெயர் பெற்றது.

தூத்துக்குடிக் கடற்கரையில்

மன்னார் வளைகுடாவின் இந்தியப் பகுதியில் கடைசித் தொடராக 1955 முதல் 1961 வரை முத்துக்குளிப்பு நடைபெற்றது. அப்போது இருபது வயதில் கடலில் மூழ்கியவர்கள் இன்று எண்பதைக் கடந்தவர்கள். அவர்களுடைய நினைவுகள், தொழிற்சொற்கள், பாடல்கள் ஆகியவற்றைப் பதிவு செய்ய ஒலிப்பதிவுக் கூடத்தைத் தேடிச் செல்ல இயலாது. வீட்டுத் திண்ணையிலோ அறையிலோதான் பதிவு செய்ய வேண்டும். அங்கே மின்விசிறி, தெருவில் செல்லும் சரக்குந்து, கடல் இரைச்சல் ஆகிய அனைத்தும் உண்டு. ஒருதிசை இயங்குசுருள் ஒலிவாங்கியை வாயிலிருந்து ஒரு சாண் தொலைவில் வைத்து, அதன் முதுகை இரைச்சலின் பக்கம் திருப்பினால் இவை வெகுவாகக் குறையும். தொலைவு இருமடங்கானால் குரல் ஏறத்தாழ 6 டெசிபல் குறையும் என்பதால் எந்த ஒலிவாங்கி என்பதைவிட எவ்வளவு அருகில் என்பதே முதன்மையானது. சுவரில் ஜமுக்காளம் தொங்கவிடுவது எதிரொலியைக் குறைக்கும்.

உப்பளங்கள் சூழ்ந்த இப்பகுதியில் கருவிக்கு வரும் கேடு இருவகைப்பட்டது. முதலாவது அரிப்பு. முடியினும் மெல்லிய சுருள் கம்பியின் பற்றாசு இணைப்புகளிலும் செருகியின் முனைகளிலும் பச்சைக் களிம்பு படிந்து, ஒலி விட்டுவிட்டு வரும். இரண்டாவது, குறைவாக அறியப்பட்ட கருமணல். மணப்பாடு, பெரியதாழை உள்ளிட்ட கடற்கரைகளின் மணலில் இல்மனைட்டு, கார்னெட்டு முதலிய கனிமங்களுடன் மேக்னடைட்டுத் துகள்களும் கலந்துள்ளன. ஒலிவாங்கியின் காந்தம் இத்துகள்களை ஈர்த்துக்கொள்ளும். அவை தகட்டில் அல்லது சுருளின் இடைவெளியில் ஒட்டினால் குரல் கரகரக்கும். எனவே ஒலிவாங்கியை மணலில் வைத்தல் கூடாது. பயன்படுத்தாதபோது மூடிய பெட்டியில் சிலிக்கா களிப் பொட்டலத்துடன் வைக்க வேண்டும். வாயால் ஊதித் தூய்மை செய்தால் எச்சில் ஈரமும் சேர்ந்து தகடு கெடும்.

பழையதை வாங்கும்போது

மின்தடைமானியால் மட்டும் சோதித்து வாங்குவது பலர் செய்யும் பிழை. எஸ்எம் 57 போன்றவற்றில் உள்ளே மின்மாற்றி இருப்பதால் மானி காட்டுவது அதன் சுற்றின் தடையை மட்டுமே. சுருள் அறுந்திருந்தாலும் அளவீடு சரியாகவே தோன்றும். பாடிப் பதிவு செய்து கேட்பதே நம்பத்தக்க சோதனை.

ஆர்இ 20, எம்டி 441 ஆகியவற்றின் உள்ளே உள்ள நுரைப்பஞ்சு காலப்போக்கில் பொடிந்து தகட்டின் மேல் உதிரும். குலுக்கும்போது கரும்பொடி விழுந்தால் பஞ்சை மாற்றும் செலவையும் விலையுடன் சேர்த்துக் கணக்கிட வேண்டும். பழைய செனைசர் ஒலிவாங்கிகள் சிலவற்றில் டுக்கெல் வகைச் செருகி உள்ளதால் தனி இணைப்பி தேவைப்படும்.

யூனிடைன் 55, பழைய அகுஜா ஆகியவற்றில் உயர் மின்மறிப்பு வகைகளும் உண்டு. அவற்றை நீண்ட கம்பியில் இணைத்தால் உச்ச அலைவெண்கள் மங்கும், இரைச்சலும் ஏறும். இன்றைய இடைமுகத்துடன் பொருத்த இடையில் ஒரு மின்மாற்றி வேண்டும். இடைமுகத்தின் 48 வோல்ட்டு மின்சாரம் முறையாகக் கம்பியிட்ட சமநிலை இயங்குசுருள் ஒலிவாங்கியைக் கெடுக்காது. ஆனால் யாரோ ஒருவர் மாற்றிப் பற்றவைத்த பழைய கம்பியில் அம்மின்சாரம் சுருள் வழியே பாயக்கூடும் என்பதால், பதிவுக்கு முன் அதனை அணைத்து வைப்பதே நன்று.