இதயக் கதவு



இதயத்திலிருந்து உடம்பெங்கும் ரத்தம் போகும் வாசலில் ஒருவழிக் கதவு ஒன்று உண்டு. அதுதான் அயோர்ட்டிக் வால்வு. தொண்டைப் புண்ணைக் கவனிக்காமல் விட்டால், சில பிள்ளைகளுக்கு வாதக் காய்ச்சல் வந்து இதய வால்வுகள் கெட்டுப் போகும்.

1952-இல் அமெரிக்க டாக்டர் ஹஃப்நாகல் செயற்கை வால்வை மனித உடம்பில் பொருத்தினார். ஆனால் வெளிநாட்டு வால்வின் விலை இந்திய ஏழைக்கு எட்டவில்லை. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா நிலையத்தில் டாக்டர் வலியத்தான் குழுவினர் சொந்தமாகவே செய்ய முனைந்தார்கள். மூன்று மாதிரிகள் தோற்றன. அவர்கள் கைவிடவில்லை. நான்காவது வென்றது, 1990 டிசம்பர் 6-இல் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். பிறகு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு அது வாழ்வு தந்தது.

மாணவர்களே, தோல்வி கண்டு துவளாதீர்கள். பெற்றோர்களே, பிள்ளைக்குத் தொண்டை வலியும் காய்ச்சலும்னா, 'தானா சரியாயிடும்'னு இருந்துடாதீங்க. கோலா பிலா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. கொடுத்த மருந்தை முழுசாக் கொடுங்க.