கேட்டுக் கற்ற இலக்கணம்

ஆங்கிலம் கற்கும் நம் இளைஞர் எழுப்பும் ஐயங்களைத் தொகுத்துப் பார்த்தால், அவை ஒரு சிலவே என்பது விளங்கும். ‘ஏ’ வருமிடம் எது, ‘தி’ வருமிடம் எது? ‘சின்ஸ்’ என்பதா, ‘ஃபார்’ என்பதா? ‘டிட் யூ வென்ட்’ என்று கேட்டால் ஏன் பிழை? கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் வட்டாரத் தொழிற்பேட்டைகளில் வேலை தேடி நேர்முகத் தேர்வுக்குச் செல்வோர்க்கு இவை வெறும் ஏட்டு வினாக்கள் அல்ல. எந்திரத்தின் நுட்பம் அறிந்திருந்தும், வாக்கியம் பிழைபட்டுவிடுமோ என்ற கூச்சத்தால் வாய் திறவாது திரும்புவோர் உண்டு. இக்கூச்சத்தின் வேரை அறிய வரலாற்றைச் சற்றே புரட்டுதல் நலம்.

பிறமொழியின் முன் தடுமாறி நிற்பது இம்மண்ணுக்குப் புதிதன்று. திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காட்டில் 16ஆம் நூற்றாண்டிலேயே போர்த்துகீசியர் குடியேறினர். 1613இல் ஒல்லாந்தர் அங்கே கெல்திரியாக் கோட்டையை எழுப்பினர். அக்கோட்டையில் ஆன்ம குருவாகப் பணியாற்றிய ஆபிரகாம் ரோஜேரியுஸ், இந்துக்களின் வாழ்வையும் வழிபாட்டையும் பத்மநாபன் என்ற அந்தணரிடம் கேட்டறிந்து ஒரு நூல் எழுதினார். அது அவரது மறைவுக்குப்பின் 1651இல் வெளிவந்தது. ஒல்லாந்தரும் அந்தணரும் உரையாடிய மொழி எது தெரியுமா? இருவர்க்கும் தாய்மொழியல்லாத போர்த்துகீசியம்! இருவரும் இரவல் மொழியில் பேசியே ஒருவரையொருவர் அறிந்தனர்.

தமிழைக் கற்க வந்த ஐரோப்பியர் பட்ட பாடும் சிறிதன்று. 1546இல் இந்தியா வந்த இயேசு சபைக் குரு என்றிக்கே என்றிக்கஸ், முத்துக்குளித்துறை மக்களிடையே வாழ்ந்து தமிழ் கற்று, 1549 அளவில் போர்த்துகீசிய மொழியில் ஒரு தமிழ் இலக்கணம் வரைந்தார். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த லூத்தரன் சபையினரான சீகன்பால்கு, பள்ளிச் சிறுவரோடு அமர்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகினார். வீரமாமுனிவர் தம் போன்ற அயல்நாட்டார்க்கென இலத்தீனில் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணம், 1738இல் அதே தரங்கம்பாடி லூத்தரன் அச்சகத்தில் அச்சாயிற்று. சமயக் கொள்கையில் அவரோடு கடுமையாக மோதியவர்களே அந்நூலை அச்சிட்டனர் என்பது சிந்திக்கத் தக்கது. மொழி கற்போரின் தேவை அத்துணைப் பெரிதாய் இருந்தது.

இவர்கள் அனைவரும் எதிர்கொண்ட சிக்கல் ஒன்றைக் காண்போம். இலத்தீனிலும் போர்த்துகீசியத்திலும் தன்மைப் பன்மைக்கு ஒரு சொல்லே உண்டு. தமிழிலோ கேட்பவரையும் உட்படுத்தினால் ‘நாம்’, அவரை நீக்கினால் ‘நாங்கள்’. செபத்தில் இறைவனை நோக்கிப் பேசும்போது எதைக் கையாள்வது? இறைவன் கேட்பவர், மன்றாடும் கூட்டத்தில் ஒருவர் அல்லர். ஆதலின் ‘எங்கள்’ என்றே வேண்டுகிறோம். ‘நம்’ என்றால் பொருள் மாறிவிடும். நமக்கு எண்ணாமலே வரும் இவ்வேறுபாட்டை அவர்கள் கேட்டுக் கேட்டே கற்றிருக்க வேண்டும்.

பின்னர்க் காலம் திரும்பியது. 1835இல் மெக்காலேயின் குறிப்பையொட்டி ஆங்கிலக் கல்வி அரசின் ஆதரவைப் பெற்றது. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியது. ஆங்கிலம் உத்தியோகத்தின் திறவுகோலாயிற்று. நெஸ்பீல்டின் இலக்கணமும், பின்னர் 1930களில் வந்த ரென், மார்ட்டின் இருவரின் இலக்கணமும் தலைமுறை தலைமுறையாக மனப்பாடம் செய்யப்பட்டன. மணலில் எழுதிய சீகன்பால்குவின் பிழை அவரது முயற்சிக்குச் சான்றாகக் கொள்ளப்பட்டது; நம் மாணவரின் பிழையோ அவரது தகுதிக் குறைவாகக் கொள்ளப்பட்டது. மொழியின் பின்னே நின்ற அதிகாரமே இவ்வேறுபாட்டுக்குக் காரணம் என்பது நம் துணிபு.

உண்மையில் நம்மவர் பிழைகள் அறியாமையால் மட்டும் விளைவன அல்ல. தமிழின் ஒழுங்கை ஆங்கிலத்தில் பின்பற்றுவதால் விளைவன. ‘இங்கே ஐந்து ஆண்டுகளாக வேலை செய்கிறேன்’ என்பதில் வினை நிகழ்காலம். அதையே ‘ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்’ என்கிறோம். ஆங்கிலமோ, முன்பு தொடங்கி இன்றும் நீளும் செயலுக்கு ‘ஹேவ் பீன் வொர்க்கிங்’ என்ற தனி வடிவம் வைத்துள்ளது. கால அளவுக்கு ‘ஃபார்’, தொடங்கிய புள்ளிக்குச் ‘சின்ஸ்’. ‘போனாயா?’ என்பதில் இறந்தகாலம் ஒருமுறையே வருகிறது. ஆங்கில வினாவிலும் அப்படியே. ‘டிட்’ அதைச் சுமந்துவிட்டதால் ‘கோ’ மாறாது நிற்கும். ‘தி’ என்பதற்கு நேரான சொல் தமிழில் இல்லை. எனினும் ‘புத்தகம் வாங்கினேன்’, ‘புத்தகத்தை வாங்கினேன்’ என்னும் இரண்டையும் ஒப்பிடுக. பின்னதில் இருவரும் அறிந்த ஒரு புத்தகம் சுட்டப்படுகிறதன்றோ? ஆங்கிலத்தில் ‘தி’ செய்யும் பணியில் ஒரு பகுதியை இங்கே ஐகார உருபு செய்கிறது. இவ்வாறு தாய்மொழி வழியே விளக்கினால் ஐயம் அகலும், அச்சமும் குறையும்.

இன்று கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளில் பீகார், ஒடிசா முதலிய மாநிலத்தார் பலர் உழைக்கின்றனர். எல்லைக்கப்பால் வாழும் தெலுங்கர்க்கு ‘மனமு’, ‘மேமு’ என்ற வேறுபாடு உண்டு. இந்தி பேசுவோர்க்கோ ‘ஹம்’ என்ற ஒரு சொல்லே உண்டு. உணவு இடைவேளையில் ஒருவர் தமிழ்த் தோழரைப் பார்த்து, ‘நாங்கள் சாப்பிடப் போகலாம்’ என்று அழைத்தால் நமக்குச் சிரிப்பு வரலாம். என்றிக்கஸ் தாண்டிய அதே படியில்தான் அவரும் நிற்கிறார். நேர்முகத் தேர்வில் நம் பிள்ளையும் அத்தகைய படியில்தான் நிற்கிறான். நகையாமல், ‘நாம் போகலாம்’ என்று திருத்திச் சொல்லி, அவரையும் உடன் அழைத்துச் செல்வோமாக.